சான்றுப் பட்டியலின் வடிவம்: ஹார்வர்டு நத்தை முதல் இணையப் படிவம் வரை

ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை எப்படி முதிர்கிறது, எப்படிக் கருவுறுகிறது, எப்படிப் பிளந்து பெருகுகிறது என்பதை விவரித்து, ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் 1881-இல் நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். அதன் 194ஆம் பக்கத்தில், முந்தைய ஆய்வைச் சுட்டுமிடத்தில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பிறைக்கோட்டுக்குள் போட்டார். வாசகருக்குப் பழக்கமில்லாத முறை என்பதால் அதை விளக்கி ஓர் அடிக்குறிப்பும் எழுதினார். அந்த நத்தையை இன்று தேடிப் படிப்பவர் அரிது. பிறைக்கோடு மட்டும் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

அறிவியல் இதழுக்குக் கட்டுரை அனுப்புவோர், சான்றுகளை அடுக்கும் விதிகளை ஆய்வொழுக்கத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணுகின்றனர். யாரிடமிருந்து எதைப் பெற்றோம் என்று சொல்வது ஒழுக்கந்தான். ஆனால் ஆண்டு எங்கே வரவேண்டும், இனிஷியலுக்குப் பின் புள்ளி உண்டா என்பவையெல்லாம் நூலக அடுக்கும் தட்டச்சுப்பொறியும் கணினியும் விட்டுச்சென்ற தடங்கள். அவற்றைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மார்க்கின் முறைக்குப் பின்னால் ஒரு நூலகம் இருந்திருக்கக்கூடும். அவர் பணியாற்றிய ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியக நூலகத்தின் பட்டியலிடும் பழக்கத்திலிருந்து அதை அவர் பெற்றிருக்கலாம் என்று ஈலை செர்னின் 1988-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். இம்முறைக்கு 'ஹார்வர்டு முறை' என்ற பெயரை ஹார்வர்டு சூட்டவில்லை. அங்கே நூலகத்தைப் பார்க்க வந்த ஆங்கிலேயர் ஒருவர் ஊர் திரும்பி அப்படி அழைத்ததாக ஒரு கதை உண்டு. உறுதிப்படாத கதை என்றே அதுவும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏ.பி.ஏ. முறையும் ஆசிரியர்–ஆண்டு வழியில் வந்ததே. 1929-இல் ஏழு பக்க அறிவுரையாகத் தொடங்கிய அதன் கையேடு, இப்போது 400 பக்கங்களைத் தாண்டிவிட்டது.

மருத்துவ இதழ்கள் சென்ற வழி வேறு. கணினி மேசைக்கு வருமுன், ஓர் இதழ் திருப்பியனுப்பிய கட்டுரையை அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டுமானால், அந்த இதழின் முறைக்கேற்பச் சான்றுப் பட்டியலை மறுபடி தட்டச்சு செய்தாக வேண்டும். எண்முறையிலிருந்து அகரவரிசைக்கு மாறினால் கட்டுரையின் உடலையும் தொட்டாக வேண்டும். ஆராய்ச்சியில் ஓர் எழுத்தும் மாறாமலே தட்டச்சருக்கு நாள்கணக்கில் வேலை. இந்த வீண்பாட்டுக்கு முடிவு காண, 1978 ஜனவரியில் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினர். அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் ஆசிரியர் எட்வர்டு ஹூத், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஆசிரியர் ஸ்டீபன் லாக் ஆகியோர் இம்முயற்சியில் முன்னின்றவர்கள். அவர்கள் ஒப்புக்கொண்ட பொது நெறிகள் 1979-இல் அச்சேறின. அக்குழுவே வளர்ந்து மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆயிற்று.

வான்கூவர் முறை எனப்படும் இதன் சான்றுப் பட்டியலுக்கான வடிவத்தை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் வகுத்துத் தந்தது. உரையில் முதலில் வரும் சான்றுக்கு 1, அடுத்ததற்கு 2 என எண். பட்டியலில் பெயர், அதன்பின் புள்ளியில்லாத இனிஷியல்கள். இதழின் பெயர் சுருக்கமாக. 1879-இல் ஜான் ஷா பில்லிங்ஸ் தொடங்கிய 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற நூற்பட்டியல் இதழ்ப் பெயர்களை எப்படிச் சுருக்கியதோ அதுவே இங்கும் அளவுகோல். அந்த அச்சுப் பட்டியல் 2004-உடன் நின்றுபோனது. சுருக்கங்கள் நிற்கவில்லை. தாளை மிச்சப்படுத்தப் பிறந்த வழக்கம், தாளே இல்லாத இதழ்களிலும் தொடர்கிறது.

கணினி வந்ததும் ஏதேனும் ஒரு முறை வென்றிருக்க வேண்டும். நடந்தது நேரெதிர். 1985-இல் பிப்டெக், 2006-இல் ஜோட்டரோ என வந்த மென்பொருள்கள், ஒரு முறையை இன்னொன்றாக நொடியில் மாற்றித் தந்தன. மாற்றுவது எளிதானதும், தன் காற்புள்ளியை விட்டுக்கொடுக்க எந்த இதழுக்கும் காரணமில்லாமல் போயிற்று. இம்மென்பொருள்களில் பல பயன்படுத்தும் பொதுக் களஞ்சியம் ஒன்றில் இன்று 10,000-க்கும் மேற்பட்ட இதழ்களுக்கான வடிவக் கோப்புகள் உள்ளன. கெல்வின் டேவிஸ் ஆசிரியராக இருந்த 'ஃப்ரீ ராடிக்கல் பயாலஜி அண்ட் மெடிசின்' இதழ் 2011-இல், முதல் சமர்ப்பிப்பில் எந்த வடிவம் இருந்தாலும் சரி என்று அறிவித்தது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற இந்த ஏற்பாடு மெல்லப் பரவிவருகிறது. இத்துறையில் நான் கண்ட அறிவுள்ள முடிவு இதுதான்.

வடிவத்தில் மட்டும் கண் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. எல்சிவியர் பதிப்பகம் ஆசிரியர்களுக்கான வழிகாட்டியில், பட்டியல் எப்படி அமையவேண்டும் என்று காட்ட 'அறிவியல் கட்டுரை எழுதும் கலை' என்ற பொருளில் ஒரு மாதிரிப் பதிவைத் தந்திருந்தது. மூன்று ஆசிரியர்கள், 2000ஆம் ஆண்டு, தொகுதி எண், பக்க எண் எல்லாம் உண்டு. கட்டுரைதான் கிடையாது. அப்படியொரு இதழும் கிடையாது. லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் க்ரூனென்பெர்க் இதைக் கவனித்தார். ஆய்வாளர் ஆன்-வில் ஹார்சிங் 2017-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதற்குள் இல்லாத அந்தக் கட்டுரை ஏறத்தாழ 400 முறை மேற்கோளாகிவிட்டிருந்தது. பெரும்பாலானவை, மாநாட்டுக் கட்டுரைகளுக்கான வார்ப்புருவில் இருந்த மாதிரியை நீக்க மறந்ததால் வந்தவை. புள்ளியும் காற்புள்ளியும் பிசகாத பதிவு என்பதால் எவர் கண்ணையும் அது உறுத்தவில்லை.

தமிழ்ப் பெயருக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே இனிஷியல். வான்கூவர் முறை இதற்கு இடைஞ்சல் செய்யவில்லை. 'சந்திரசேகர் எஸ்' என்றால் நட்சத்திர நிறையின் எல்லையைக் கணக்கிட்டவரின் சொந்தப் பெயர் முன்னால், தந்தை சுப்பிரமணியனின் எழுத்து பின்னால். ராமானுஜனும் அவ்வாறே, சீனிவாசனின் எழுத்தோடு. சிக்கல் இணையச் சமர்ப்பிப்புப் படிவத்தோடு வந்தது. அதில் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட முடியாது. கடவுச்சீட்டில் உள்ளபடி தந்தை பெயரை அங்கே நிரப்புகிறோம். செல்வராஜின் மகள் கயல்விழி எழுதிய கட்டுரை 'செல்வராஜ் கே' என்று மேற்கோளாகும். அவள் தம்பி கார்த்திக்கும் ஆய்வாளரானால் அவனும் 'செல்வராஜ் கே' தான். இருவரும் எழுதியவை தந்தையின் கணக்கில் ஏறும். 2012-இல் தொடங்கிய ஆர்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண் ஆளைப் பிரித்துக் காட்டும். பட்டியலில் அச்சாகும் பெயரைத் திருத்தாது.

எனவே இரண்டு வேண்டுகோள்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதழ் நடத்துவோர், குறைந்தது தம் படிவத்திலாவது குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயமில்லாததாக்க வேண்டும். முதல் கட்டுரையை அனுப்பவிருக்கும் ஆய்வாளர், தம் பெயர் எந்த வடிவில் மேற்கோளாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவுசெய்து, கடைசிக் கட்டுரை வரை அதை மாற்றாதிருக்க வேண்டும்.