எறும்புக் குடியின் தோற்றம் – ஒரு வரலாற்று நோக்கு

மாரியின் முதல் மழை ஓய்ந்த மாலைகளிற் சிறகுடைய பூச்சிகள் விளக்கொளியை நாடிக் கூட்டங்கூட்டமாக வந்து விழுவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவற்றை நாம் பொதுவாக ஈசல் என்போம். ஈசல் கறையானினத்துக்கு உரியது. ஆயின், மழைக்குப் பின்னர் எறும்புகளும் சிறகு பெற்றுப் பறப்பதுண்டு. ஒடுங்கிய இடையும், முழங்கைபோல் வளைந்த உணர்கொம்பும், பின்சிறகினும் நீண்ட முன்சிறகும் கொண்டு அவற்றை வேறு பிரித்தறியலாம். இவ்விரண்டுக்கும் இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்றுண்டு. ஈசலில் ஆணும் பெண்ணும் இணைந்து புதுப் புற்றைத் தொடங்கிப் பின்னரும் உடனுறைவன. எறும்பிலோ, கலவி முடிந்தபின் ஆண் பெரும்பாலும் விரைவில் மடிந்துவிடப் பெண்ணே எஞ்சி நிற்கிறது. அப்பெண், அதாவது இராணி எறும்பு, எவர் துணையுமின்றிப் புதுக் குடியொன்றை அமைக்க வல்லதா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு ஐயத்துக்கிடமற்ற விடை கிடைக்க நெடுங்காலஞ் சென்றது. அக்கால நீட்சிக்குரிய காரணங்களையும், விடை பெறப்பட்ட முறையையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எறும்பு எங்கும் உள்ள உயிர். எனினும், ஒரு குடியின் தொடக்கம் கண்ணுக்குத் தென்படுவதில்லை. சிறகுதிர்த்த இராணி மண்ணினுள் ஓர் அறை குடைந்து, வாயிலை அடைத்துக்கொண்டு மறைந்துவிடுகிறது. நாம் காண்பது பல காலத்தின் பின்னர் வெளிப்படும் புற்றையே. மேலும், தேனீயின் வாழ்க்கையை அறிந்தவர்க்குத் தனித்த இராணி குடியமைக்கும் என்னும் எண்ணம் எளிதில் எழுவதன்று. தேனீக் குடி பிரியும்போது இராணி தொழிலாளிகள் பலர் சூழவே வெளியேறுகிறது. தனித்துக் கூடு கட்டவோ குஞ்சு வளர்க்கவோ அதனால் இயலாது. இராணி என்னும் சொல்லே ஏவலர் சூழ்ந்த ஒருத்தியை நம் மனத்தில் நிறுத்திவிடுகிறது. உவமையாக வந்த சொல் ஆராய்ச்சிக்குத் தடையாக அமையக்கூடும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு அறிஞர் இரேயோமூர் எறும்புகளைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். ஆயின், அவ்வெழுத்து கையெழுத்துப் படியாகவே கிடந்து, 1926 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் பூச்சியியலாளர் வில்லியம் மோர்ட்டன் வீலரால் வெளியிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இத்துறையில் உழைத்தோர் அதனாற் பயன்பெற வாய்ப்பிருக்கவில்லை.

முதன்மையான முயற்சி ஜெனீவாவைச் சேர்ந்த பியர் ஹியூபருடையது. கண்பார்வையற்ற நிலையிலும் தேனீக்களை ஆராய்ந்து புகழ்பெற்ற பிரான்சுவா ஹியூபரின் மைந்தர் இவர். 1810 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், கருவுற்ற பெண் எறும்புகளை ஈரமண் இட்ட கலத்தில் விட்டபோது அவை தம் சிறகுகளைத் தாமே முறித்து உதிர்த்தமையை அவர் விவரித்தார். அவர் அடைத்து வைத்த பெண் எறும்புகள் மண்ணில் அறைகள் அமைத்தன, முட்டையிட்டன, அவற்றைப் பேணின. சில முட்டைகள் பொரித்துக் குடம்பிகளாகி ஓரளவு வளர்ந்தும் விட்டன. ஆயின், அக்குடம்பிகள் தொழிலாளிகளாகுமுன் இறந்தன. அதற்குத் தமது கவனக்குறைவே காரணமென ஹியூபர் ஒளிக்காமல் எழுதினார். வினாவின் விடை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதனைத் தவறவிட்டமையை அவ்வாறே பதிவு செய்தமை, பின்வந்தோர்க்கு எது இன்னும் நிறுவப்படவில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிற்று.

அறுபத்தாறு ஆண்டுகளின் பின்னர் இங்கிலாந்தில் ஜோன் லபொக் இவ்வினாவை மீண்டும் எடுத்துக்கொண்டார். டார்வினின் அயலவரான இவர் வங்கியாளர்; பாராளுமன்ற உறுப்பினர்; 1871 ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டத்துக்குக் காரணராய் இருந்தவர். கலவிப் பறப்பின் பின்னர் இராணி பழைய கூடொன்றிற் சேரலாம். தொழிலாளிகள் சிலரைத் துணைக்கொண்டு புதுக் கூடு அமைக்கலாம். அன்றித் தனித்தே அமைக்கலாம் என மூன்று வழிகளை வகுத்துக் காட்டிய அவர், அவதானிப்பு ஒன்றே இதனைத் தீர்க்கும் எனக் கொண்டார். 1876 ஆகஸ்ட் 14 ஆம் நாள் தமது தோட்டத்திற் பறந்துகொண்டிருந்த மிர்மிக்கா ருஜினோடிஸ் என்னும் இனத்தின் இரு சோடிகளைப் பிடித்து, ஈரமண்ணும் உணவும் நீரும் அளித்துத் தனியே வைத்தார். குளிர்காலம் முழுவதும் யாதும் நிகழவில்லை. அடுத்த ஆண்டு ஏப்பிரலில் முட்டைகள் தோன்றின. ஆண்கள் இரண்டும் மே மாத நடுப்பகுதிக்குள் இறந்தன. யூனில் குடம்பிகள் வெளிவந்தன. அம்மாத இறுதியில் அவை கூட்டுப்புழுக்களாகத் தொடங்கின. யூலை 22 ஆம் நாள் முதலாவது தொழிலாளி வெளிப்பட்டது. சில நாட்களுள் அது குடம்பிகளைச் சுமந்து திரிவதையும் லபொக் கண்டார். ஏறத்தாழ ஓராண்டுப் பொறுமையின் பயனாக இராணியின் தனித்திறன் நிறுவப்பட்டது.

ஹியூபரின் கலத்துக்கும் லபொக்கின் கலத்துக்கும் அடிப்படையிற் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபட்டது இறுதிவரை பேணிய கவனமே. போர்மிக்கா பஸ்கா இராணிகள் இரண்டை 1874 முதல் வளர்த்து, அவற்றுள் ஒன்றை 1888 வரை உயிருடன் காத்தவர் லபொக் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எனினும், ஒரு விடை வேறு வினாக்களை எழுப்பிற்று. லபொக் தம் எறும்புகளுக்கு உணவளித்தார். இயற்கையில் அறையை அடைத்துக்கொண்டு கிடக்கும் இராணி குஞ்சுகளை எதனால் ஊட்டுகிறது? பிரான்சில் சாள் ஜனே 1907 ஆம் ஆண்டில் கறுப்புத் தோட்ட எறும்பின் இராணியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, கலவிப் பறப்பின் பின்னர் பறத்தற்குரிய தசைகள் உடலினுள்ளேயே சிதைந்து கரைவதை விளக்கினார். இனிப் பறக்கத் தேவையில்லாத தசையே முதற் பிள்ளைகளுக்கு ஊட்டமாக மாறுகிறது. இலைவெட்டி எறும்பு பூஞ்சணத்தை வளர்த்து உண்பது. அதன் இராணி தாய்க்கூட்டின் பூஞ்சணத்தில் ஒரு சிறு உருண்டையை வாயினுள் உள்ள பையிற் கொண்டுசெல்வதைப் பிரேசிலில் ஹேர்மன் வொன் ஈரிங் 1898 இல் அறிவித்தார். அவ்வுருண்டையை இராணி தன் கழிவுநீரால் உரமிட்டு வளர்ப்பதை ஜேக்கப் ஹியூபர் 1905 இல் விவரித்தார்.

எல்லா இராணிகளும் இவ்வாறு தனித்து இயங்குவனவுமல்ல. ஐரோப்பியக் காடுகளின் செவ்வெறும்பாகிய போர்மிக்கா ரூபாவின் இராணி வேற்றினத்தாரின் கூட்டினுட் புகுந்து, அவர்தம் தொழிலாளிகளைக் கொண்டே தன் பிள்ளைகளை வளர்ப்பிக்கிறது. இத்தகைய தற்காலிக ஒட்டுண்ணி வாழ்வை வீலர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார். அவ்வினத்தைக் கலத்தில் இட்டிருந்தால் லபொக்கின் முயற்சி தோற்றிருக்கும். அவர் தேர்ந்த மிர்மிக்காவோ, குடியமைக்கும் காலத்திலும் வெளியே சென்று இரைதேடும் இயல்பினது. ஆகவே அவர் அளித்த உணவு அதற்குப் பொருத்தமாயிற்று. ஓரினத்தில் நிறுவியதை எல்லா இனங்களுக்கும் ஏற்றிக் கூறலாகாது என்பதும் இதனாற் பெறப்படும்.

இன்று இப்பரிசோதனையை எவரும் செய்யலாம். ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில் நீரைப் பஞ்சினால் அடைத்து, சிறகுதிர்த்த இராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சினால் மூடி இருளில் வைத்தாற் போதும். ஆயின், அவ்வெளிமையே இப்போது கேடாகவும் மாறியுள்ளது. 2025 ஆம் ஆண்டிற் கென்யாவிலிருந்து கடத்தப்படவிருந்த ஏறத்தாழ 5,000 இராணி எறும்புகள் பஞ்சடைத்த குழாய்களிற் கைப்பற்றப்பட்டன. அவற்றுட் பல, மெசோர் செபலோட்டெஸ் என்னும் விதை சேகரிக்கும் பேரெறும்பின் இராணிகள். வெளிநாடுகளில் எறும்பு வளர்ப்போர்க்கு விற்பதே நோக்கம். குற்றவாளிகள் நால்வருக்கும் தலா பத்து இலட்சம் கென்ய சிலிங் தண்டம் விதிக்கப்பட்டது.

அத்தண்டத்தின் நியாயத்தை இவ்வரலாறு நமக்கு விளக்குகிறது. தொழிலாளி எறும்பு ஒன்றை எடுப்பதும் இராணி ஒன்றை எடுப்பதும் ஒன்றல்ல. தனித்த இராணியால் ஒரு குடி முழுவதையும் தோற்றுவிக்க முடியும் என்பதை லபொக் காட்டினார். ஆகவே, ஒரு குழாயில் அடைபட்டுச் செல்வது ஒரு பூச்சியன்று. அந்நிலத்தில் எழவேண்டியிருந்த ஒரு குடியாகும். லபொக் ஒரு வினாவைத் தீர்க்க இரு சோடிகளையே எடுத்தார். அவற்றையும் ஓராண்டு காத்தார். மழைக்குப் பின் நம் முற்றத்தில் சிறகுதிர்த்து ஊரும் ஓர் எறும்பைக் கண்டு கையிலெடுக்க விழையும் மாணவர், அந்த அளவையும் அந்தப் பொறுப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்ளல் வேண்டும்.