வெம்பிளியில் உயர்ந்த கொடி

1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் வளைகோற்பந்தில் இந்தியா தங்கம் வென்றது. எனினும் அன்று நாடு அயலார் ஆட்சியில் இருந்தது. விடுதலையின் முதலாண்டு நிறைவுக்கு மூன்று நாள் முன்பாக, 1948 ஆகஸ்டு 12 அன்று, இலண்டன் வெம்பிளி அரங்கில் இந்திய அணி பிரிட்டனையே 4–0 என வென்றபோதுதான், ஒலிம்பிக் தங்கத்திற்கென மூவண்ணக் கொடி முதன்முறையாக உயர்ந்தது.

அவ்வணியின் பெயர்ப்பட்டியலே நாட்டின் பன்மையை உரைக்கும். தலைவர் கிஷன்லால், இறுதியாட்டத்தில் இரு கோல் அடித்த சீக்கியர் பல்பீர் சிங், ஆங்கிலோ இந்தியர் லெஸ்லி கிளாடியஸ், சென்னையின் ரங்கநாதன் பிரான்சிஸ், லாகூரில் பிறந்த கேசவ் தத், இசுலாமியர்களான அக்தர் உசேன், லத்தீபுர் ரகுமான். பிரிவினையின் குருதி உலராத காலத்தில் இவர்கள் ஓரணியாய் நின்றனர் என்பது எண்ணத்தக்கது.

ஆயினும் அவ்வெற்றியால் பிளவு ஆறிவிடவில்லை. அதே ஒலிம்பிக்கில் பாகிஸ்தானுக்குத் தலைமையேற்ற தாரா, 1936இல் இந்தியாவுக்காகத் தங்கம் வென்றவர். அக்தரும் லத்தீபும்கூட 1956இல் பாகிஸ்தான் அணியில் இடம்பெற்றனர்.

ஒற்றுமை இயலும் என்பதை ஆடுகளம் கண்ணெதிரே மெய்ப்பிக்கும். அதனை நாளும் பேணும் பொறுப்போ, ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் மக்களைச் சார்ந்தது.