செஞ்சிக் கணக்கில் குழந்தைகள்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. மராத்தியரின் ராணுவக் கோட்டைகள் என்று சேர்க்கப்பட்ட பன்னிரண்டில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதையொட்டி செஞ்சி சரித்திரம் இன்னொரு சுற்று எழுதப்பட்டது. 1690இலிருந்து 1698 வரை முகலாயர் முற்றுகை. 1714இல் தேசிங்கின் சாவு. 1750இல் புஸ்ஸி இரவோடு இரவாகப் பிடித்தது. 1761இல் ஆங்கிலேயரிடம் போனது. எல்லாம் சரிதான். தேசிங்குராஜன் கதையில் குதிரைகளுக்குக்கூடப் பெயர் இருக்கிறது. ஆனால் எட்டு வருஷ முற்றுகையில் இந்த மூன்று மலைகளுக்கிடையே குழந்தைகளும் பிறந்திருக்கும். பேதியிலும் அம்மையிலும் போயிருக்கும். சி. எஸ். சீனிவாசாச்சாரியின் 1943ஆம் வருஷத்து நூல் உட்பட, நான் படித்த செஞ்சிப் புத்தகங்களில் அவை இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருப்பவன் சரித்திரத்தில் வேறு விஷயங்களைத் தேடுகிறான்.

நோயைப் பற்றிய எண் ஒன்று செஞ்சிக்கு உண்டு. ராபர்ட் ஆர்ம் எழுதி வைத்தது. கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த பத்து வருஷத்தில், ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அங்கே வைத்ததில்லை. இருந்தும் 1200 பேர் செத்தார்கள். அத்தனை கெட்ட காற்றும் தண்ணீரும். சம்பளப் பட்டியலில் இருந்தவர்களுக்குச் சாவுக்கணக்கும் இருக்கிறது. அதே தண்ணீரைக் குடித்த ஊர்க்காரர்களுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

இந்திய மருத்துவ சரித்திரத்தில் பெயரோடு நுழையும் குழந்தை ஒருத்தி உண்டு. ஆன்னா டஸ்தால், மூன்று வயது. 1802 ஜூன் 14இல் பம்பாயில் அவளுக்கு அம்மை குத்தினார்கள். வியன்னாவிலிருந்து பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கப்பலேறி வந்த பால் அது. அன்று குளிர்பெட்டி ஏது? ஒரு பிள்ளையின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்த வேண்டும். பிள்ளைகளின் கைகள்தாம் மருந்துப் புட்டி. அந்த வருஷமே சென்னைக்கும் வந்து சேர்ந்தது. டஸ்தாலுக்கு அப்புறம் சங்கிலியில் நின்ற பிள்ளைகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

நம் ஜனங்கள் அம்மை குத்திக்கொள்ளத் தயங்கியதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது பகுத்தறிவுக் கட்டுரைகளின் வழக்கம். வந்திருப்பவள் தாய் என்ற பயபக்தி இருந்தது, மறுக்கவில்லை. கூடவே இன்னொன்றும் இருந்திருக்கும்: முன்பின் தெரியாத பிள்ளையின் சீழை என் பிள்ளையின் ரத்தத்தில் கலப்பதா? இது மூடத்தனமான கேள்வி அல்ல. இப்படிக் கைமாற்றியதில் மேகநோய் தொற்றியது ஐரோப்பாவிலேயே நடந்தது.

எண்ணப்படாத இந்தப் பிள்ளைகள் கணக்கில் வருவதைப் பார்க்க இன்னொரு கோட்டை ஊருக்கு, செஞ்சிக்கு வடக்கே வேலூருக்கு, போக வேண்டியிருக்கிறது. 2002 முதல் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் அங்கே மூன்று குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். பணியாளர்கள் வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். பேதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கொரு முறை மலம் எடுத்துவைக்கப்பட்டது. எந்த முற்றுகையும் இவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கப்பட்டதில்லை. பீத்துணியைப் பத்திரப்படுத்திய அந்தத் தாய்மார்களின் பொறுமையை எந்தக் காவியத்தில் சேர்ப்பது?

முடிவு 2011இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள்ளேயே 56 சதவீதக் குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. மெக்சிகோவில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், இருமுறை தொற்றிய பிள்ளைக்கு அப்புறம் கடுமையான பேதி வரவில்லை. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். அங்கே கிடைத்த விடை இங்கே பொருந்தவில்லை. இறக்குமதிக் கோட்பாடுகளைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் நாம் போட்ட சண்டைக்கு, குடிசைப் பகுதியிலிருந்து இப்படி ஒரு சாட்சி வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்!

பின்னால் வந்த சொட்டு மருந்துக்கான வைரஸும் குழந்தைகளிடமிருந்தே கிடைத்தது. 1980களின் மத்தியில் டெல்லியில், தொற்றியும் பேதி காணாத பச்சைக் குழந்தைகளிடம். 2011இல் தொடங்கி டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் 6799 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். முதல் வயதில் கடும் பேதியை 56 சதவீதம் தடுத்தது. பெரிய எண் அல்ல. ஆனால் நம் குழந்தைகளின் எண். சோதனையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொடுத்தது மருந்தில்லாத சொட்டு. வெளிநாட்டுத் தடுப்பு மருந்துகள் ஏற்கனவே இருக்கையில், காசுள்ளவன் அதை வாங்கிப் போட்டுக்கொள்கையில், இது தகுமா என்று அப்போதே கேட்டார்கள். எண்ணிக்கை வேண்டும் என்பவன் நான். ஆனாலும் அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட எந்தச் சமாதானமும் எனக்கு முழுதாகப் போதவில்லை.

தமிழ்நாட்டின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2017இல் ரோட்டா சேர்ந்தது. செஞ்சியிலும் குழந்தையின் அட்டையில் அதற்குக் கட்டங்கள் உண்டு. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் சொட்டு விட்டதும் செவிலி தேதி போடுகிறார். மருந்தில்லாத சொட்டைப் பெற்ற குழந்தைகள் 2267. அவர்களுக்கும் ஏறக்குறைய இதே வாரங்களில்தான் கொடுத்தார்கள்.