பழைய புத்தகக் கடையில் இரும்புக்கை மாயாவி

நம் விமர்சனத்துக்கு காமிக்ஸ் பெரும்பாலும் கண்ணில் படாத பொருள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைத் திட்டுவதற்காகவாவது நம்மவர்கள் வாசித்தார்கள். காமிக்ஸைத் திட்டுவதற்குக்கூட யாரும் மெனக்கெடவில்லை. ஏழெட்டு வருஷங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய காமிக்ஸ் தேடி அலைபவன் என்ற முறையில் இந்த அலட்சியத்தால் எனக்கு ஒரு லாபம் இருந்தது. விலை ஏறாமல் இருந்தது. ஆனால் இதே அலட்சியம்தான் அந்தப் புத்தகங்களில் பாதிக்கு மேல் பொட்டலமாகிப் போனதற்கும் காரணம்.

என் தேடலுக்கு ஒரே ஒரு விதி உண்டு. ஒரு பிரதிக்கு முப்பது ரூபாய்க்கு மேல் தருவதில்லை. சிக்கனம் மட்டும் இதற்குக் காரணமில்லை. விலை தெரிந்து விற்பவனிடம் வாங்கினால் நமக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்த புத்தகம்தான் கிடைக்கும். விலை தெரியாதவனிடம்தான் பெயர் தெரியாதது கிடைக்கிறது. திருவல்லிக்கேணியில் பைகிராப்ட்ஸ் ரோடு என்ற பாரதி சாலை நடைபாதையில் மேல் வரிசை பொறியியல் பாடநூல்கள், போட்டித் தேர்வு கைடுகள். அடுத்தது ஹாட்லி சேஸ். காமிக்ஸ் எங்கே என்றால், சாக்கில், அடியில். “பொம்ம புக்கா சார்? மொத்தமா எடுத்துக்கோங்க, பிரிச்சுத் தர மாட்டேன்” என்பார் கடைக்காரர். “அண்ணே, அட்டை இல்லாததைக் கழிச்சிடுங்க” என்பேன். “அட்டையையா படிக்கப் போறீங்க?” இந்தக் கேள்விக்குச் சேகரிப்பாளர்கள் யாரும் சரியான பதில் சொன்னதில்லை.

இந்த வியாபாரத்துக்குத் தலைமையிடமாக இருந்தது மூர் மார்க்கெட். 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறக்கப்பட்டது. அன்றைய நகராண்மைத் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரைத் தாங்கியது. 1985 மே 30ந் தேதி எரிந்தது. நான் அதைப் பார்த்ததில்லை. எரிந்த பிறகு பிறந்தவன். அங்கே வாங்கியவர்கள் சொல்லக் கேட்டதுதான். கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். கட்டடம் இருந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. ரயில்வே கணக்கில் அதன் பெயர் இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்தான். தீயின் தேதியைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய வருஷம், 1984இல்தான், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், பூந்தளிர் மூன்றும் தொடங்கின. மாதாமாதம் புதுச் சரக்கு பெருகிவந்த வேளையில் பழைய சரக்கின் பெரிய சந்தை சாம்பலாயிற்று. அன்று அங்கே கிடந்திருக்கக்கூடியவை எழுபதுகளின் புத்தகங்கள்.

எழுபதுகள் என்றால் முத்து காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து வந்தது. ஏன் சிவகாசி என்பதற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபில் வேண்டும். லேபிலுக்கு வண்ண அச்சு வேண்டும். அச்சு வந்தபின் பட்டாசு லேபில், காலண்டர், டைரி என்று இயந்திரத்துக்கு ஓயாமல் வேலை தேடவேண்டியிருந்தது. படம் அச்சடிப்பதில் கை தேர்ந்த ஊரில் படக்கதை அச்சாவதில் வியப்பில்லை. சென்னையில் புத்தக உலகம் என்று எதைச் சொல்கிறோமோ அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விமர்சகன் கண்ணில் படாமல் போனதற்கு இந்த ஊர் வித்தியாசமும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. அதற்கு முன்பே, 1964 முதல், பம்பாயிலிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸ் வெளியிட்டுக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் தமிழ்ப் பையன்களின் கனவில் புகுந்தவன் சிவகாசி வழியாக வந்தவன்தான்.

இரும்புக்கை மாயாவி. லண்டனில் 1962இல் தொடங்கிய வேலியண்ட் வாரப் பத்திரிகையில் ‘ஸ்டீல் கிளா’ என்று வந்தது. கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் லூயிஸ் கிராண்டல். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். முதலில் அவன் குற்றவாளி. உளவாளியாகி உலகத்தைக் காப்பாற்றுவதெல்லாம் பிறகு. நம் வாசகர்கள் இந்த முதல் கிராண்டலைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். வரைந்தவர் ஹேசுஸ் பிளாஸ்கோ, பார்ஸிலோனாவில் 1919இல் பிறந்த ஸ்பானியர். கறுப்பு மையின் கனத்தை அவர் கையாண்டதைப் பார்த்தால் இது குழந்தைகளுக்கான சாமான் என்று ஒதுக்க மனம் வராது. ஆளில்லாத அறையில் ஒரு கை மட்டும் மேஜை விளக்கைத் தொடுகிறது. விளக்கின் ஒளி விழாத பகுதியெல்லாம் ஒரே கறுப்பு. பயம் அந்தக் கறுப்பில் இருக்கிறது. மலிவுத் தாளில் சிவகாசி அச்சில் அந்தக் கறுப்பு சில இடங்களில் குழம்பியும், சில இடங்களில் அசலைவிடக் கெட்டியாகவும் விழுந்திருக்கிறது.

பிளாஸ்கோவின் பெயர் அன்றைய தமிழ் வாசகர்களுக்குத் தெரிய வழியில்லை. லண்டன் வாசகர்களுக்கே தெரியாது. அங்கே அந்தக் காலத்தில் எழுதினவர், வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கமில்லை. இதைவிட விசித்திரம் ஸ்பைடர். லண்டன் லயன் வாரப் பத்திரிகையில் 1965இல் தொடங்கிய இந்தக் கதையை டெட் கோவன் ஆரம்பித்துவைக்க, சிறிது காலத்தில் எழுதும் பொறுப்பு அமெரிக்காவிலிருந்த ஜெர்ரி சீகலிடம் போயிற்று. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். 1938இல் சீகலும் ஷுஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தவர்கள். பிறகு வழக்கு, தோல்வி, வறுமை. 1975இல்தான் நிறுவனம் இரக்கப்பட்டு வருஷப் படியும், புத்தகத்தில் பெயரும் கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர் பெயரில்லாமல் எழுதித் தள்ளியதைத்தான் தமிழ்ச் சிறுவர்கள் 1984லிருந்து ஆவலோடு வாசித்தார்கள். சூப்பர்மேன் முதலில் வந்த பத்து சென்ட் இதழின் ஒரு பிரதி 2014இல் 32 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உரிமைக்கு 130, பழைய பிரதிக்கு 32 லட்சம். வங்கியில் வேலை செய்யும் எனக்கு எண்களைப் பார்த்து ஆச்சரியப்படும் பழக்கம் போய்விட்டது என்றாலும் இதை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று தெரியவில்லை.

இன்னொன்று. லண்டன் லயன் 1974இல் நின்றுபோயிற்று, வேலியண்ட் 1976இல். ஸ்பைடர் தமிழுக்கு வரும்போது அதைப் பெற்ற பத்திரிகை செத்துப் பத்து வருஷம். ஆக நாம் புதுசு என்று கடையில் வாங்கியதே ஒரு விதத்தில் பழைய புத்தகம்தான். அங்கே வளர்ந்துவிட்ட ஒரு தலைமுறை கைகழுவிய கனவு இங்கே மற்றொரு தலைமுறைக்குப் பொருந்தியது. இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. நம் நவீனத்துவமே பல விஷயங்களில் இப்படித்தான், ஐரோப்பாவில் தீர்ந்துபோன வாதங்களைச் சூடாக ஆரம்பித்தது.

பழைய காமிக்ஸ் ஏன் அரிதாகிறது? அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது காகிதம் சேகரிக்கும் இயக்கத்தில் ஏராளமாக அழிந்தன. 1954இல் வெர்தம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று புத்தகம் எழுதி பீதியைக் கிளப்பினார். அங்கே எதிர்ப்பு இருந்தது, ஆகவே அக்கறையும் இருந்தது. இங்கே எதிரி யாருமில்லை. பரீட்சை சமயத்தில் அம்மா எடைக்குப் போட்டாள், கடலைக்காரர் மடித்தார். அச்சிட்ட தாளும் மரக்கூழ்த் தாள். மட்கும் அமிலத்தைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது. நாற்பது வருஷத்தில் பழுப்பேறி, மடித்தால் ஒடிகிறது. தப்பிப் பிழைத்தவை பெரும்பாலும் பைண்டு செய்யப்பட்டவை. கல்கியின் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பசை போட்டுத் தைத்து வைத்த அதே வீட்டுப் பழக்கம் காமிக்ஸுக்கும் இறங்கி வந்திருக்கிறது. பைண்டரின் கத்தி ஓரத்திலிருந்த வசனத்தையும் சேர்த்து வெட்டியிருக்கும். வாடகை நூல்நிலையத்தின் ஊதா முத்திரை, ஒரு நாளைக்கு இவ்வளவு பைசா என்ற குறிப்பு, திருடாதே என்று தொடங்கி வசவில் முடியும் வாசகம். சேகரிப்பாளர்கள் இதையெல்லாம் சேதம் என்பார்கள். இப்படிப்பட்ட பிரதிகளைத்தான் நான் முதலில் எடுப்பேன். எத்தனை பேர் கை மாறியது என்பதற்கு வேறு ஆவணம் எதுவும் இல்லை.

அந்தத் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொள்ளைக்காரனும் அதில் இலக்கண சுத்தமாகவே பேசுவான். துப்பாக்கி முனையில் நிற்பவன்கூட வினைமுற்றை விழுங்கமாட்டான். சிரிக்கலாம். ஆனால் பலூனுக்குள் அடங்கவேண்டிய நெருக்கடியால் வாக்கியம் குட்டையாயிற்று, அடைமொழி உதிர்ந்தது. நம் வாரப் பத்திரிகைக் கதைகள் வருணனையில் ஊதிக்கொண்டிருந்தபோது எட்டு வார்த்தையில் முடியும் தமிழ் வாக்கியத்தைப் பத்து வயதுப் பையனுக்குப் பழக்கியதில் இந்தப் பெயரில்லாத மொழிபெயர்ப்புகளுக்குப் பங்குண்டு. முல்லை தங்கராசன் போல ஓரிருவர் பெயர்தான் நினைவில் நிற்கிறது. மற்றவர்களைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. எழுபதுகளின் முத்து காமிக்ஸ் என்றால் நடைபாதைக் கடைக்காரரும் கைபேசியை எடுத்து விலை பார்க்கிறார். போன வருஷம் ஒருவர் ஒற்றைப் பிரதிக்கு நாலாயிரம் கேட்டார்; அட்டைகூடப் பின்னட்டை மட்டும்தான் இருந்தது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்கள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். இன்னொருவர் வாசிக்கக் கேட்டால் முகம் மாறுகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நினைத்துக்கொள்கிறேன். நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் குப்பை என்றதைச் சேர்த்தவர். 1992இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பு சென்னையில் நூலகமாயிற்று. யாரும் போய் உட்கார்ந்து படிக்கலாம். காமிக்ஸுக்கு அப்படி ஓர் இடம் வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் சிலரிடம் பேசிப் பார்த்தேன். மறுபதிப்புகள்தான் வருகின்றனவே, வழவழப்பான தாளில், பிறகென்ன என்றார் ஒருவர். மாயாவி வருகிறான், சரி. ஆனால் நான் வாங்கிய மறுபதிப்புகளில் வாசகர் கடிதப் பக்கம் இல்லை. பழைய பிரதிகளில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். ரயில் நிற்காத ஊர்களிலிருந்து பையன்கள் எழுதியிருக்கிறார்கள், அடுத்த மாதம் தாமதமில்லாமல் அனுப்புங்கள் என்று.