உப்பும் உடலின் உட்பகையும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோரை மரக்காணத்தில் எதிர்கொள்வன உப்பளங்களே. பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகள் செப்பனிடப்படும். கோடை முழுவதும் உப்பு வாரப்படும். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. வடக்கே சிறிது தொலைவில் ஆலம்பரைக் கோட்டை சிதைந்து நிற்கிறது. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆளுகையில் துறைமுகமாக விளங்கிய அக்கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. 1805இல் கும்பெனி ஆட்சி சென்னை மாகாணத்து உப்பு முழுவதையும் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது.

உப்பின் வரலாறு வரியோடும் வணிகத்தோடும் முடிந்துவிடவில்லை. கடந்த நூற்றாண்டில் அது மருத்துவ வரலாற்றின் ஓர் அத்தியாயமாகவும் ஆகிவிட்டது. உலகெங்கும் பெருகிவரும் தன்னுடல் தாக்கு நோய்களின் வரலாற்றிலும் அதற்கோர் இடமுண்டு.

வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்க்க வேண்டிய ஆற்றல், உடலின் சொந்த உறுப்பையே பகையெனக் கருதித் தாக்குவதே இந்நோய்களின் இயல்பு. முடக்குவாதத்தின் ஒரு வகையும், முதல் வகை நீரிழிவும், தைராய்டுச் சுரப்பியின் அழற்சியும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. பிரிட்டனில் 2 கோடியே 20 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வு, பத்தில் ஒருவருக்கு இவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பதாகக் காட்டியது. ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

முஸ்லிம் மருத்துவர்கள் இந்நோய்க் குடும்பத்தின் ஓர் உறுப்பினரை முன்பே கண்டிருந்தனர். 12ஆம் நூற்றாண்டில் குவாரிஸ்ம் அரசவையில் பாரசீக மொழியில் பெரும் மருத்துவக் களஞ்சியம் ஒன்றை இயற்றிய ஸையித் இஸ்மாயீல் அல்-ஜுர்ஜானி, கழுத்துக் கழலையும் விழிகள் பிதுங்குதலும் ஒருங்கே தோன்றுவதைப் பதிவு செய்துள்ளார். ஐரோப்பா அதனை 1835இல் எழுதிய டப்ளின் மருத்துவர் கிரேவ்ஸின் பெயரால் அழைக்கிறது. 1912இல் ஜப்பானியரான ஹகாரு ஹாஷிமோட்டோ நான்கு பெண்களிடம் கண்ட தைராய்டு அழற்சியை விவரித்தார். அவ்வழற்சிக்கு உடலே தனக்கெதிராக உருவாக்கிய எதிர்ப்பொருள்களுடன் தொடர்புண்டு என்பது 1956இல் லண்டனில் தெளிவாயிற்று.

தைராய்டு சுரப்பதற்கு அயோடின் இன்றியமையாதது. கடல் உப்பில் அது இயற்கையாகவே நிறைந்திருக்கும் எனப் பலர் எண்ணுவர். உண்மையில் கடல்நீரை வற்றச் செய்து எடுக்கும் உப்பில் எஞ்சும் அயோடின் மிகச் சொற்பமே. கரையோர மக்களுக்கு மீன் துணை செய்தது. இமயமலை அடிவார மக்களுக்கு அதுவும் இல்லை. கழலையும் பிறவியிலேயே அறிவு மங்கிய குழந்தைகளும் அங்கே வழிவழியாகத் தொடர்ந்தன. 1956இல் காங்கிரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழலையைப் பெரிதும் குறைக்கும் என நிறுவியது. 1962இல் தேசியத் திட்டம் பிறந்தது. அயோடின் கலவாத உப்பை உணவுக்கென விற்பதற்கான தடையை மத்திய அரசு 2000இல் நீக்கியது. 2006இல் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

இந்நன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கிய இலங்கையில், பள்ளி மாணவியரிடம் தைராய்டு எதிர்ப்பொருள்கள் மிகுந்திருப்பதை 2000இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டியது. டென்மார்க்கிலும் அயோடின் சேர்ப்புக்குப் பின் தைராய்டு குறைபாடு உயர்ந்தது. அயோடின் மிகுதியாக ஏறிய தைராய்டுப் புரதத்தை உடல் அந்நியமாகக் கருதும் வாய்ப்பு கூடுவதே காரணம் என்பர். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் 5,376 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைபாடும், 22 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருளும் காணப்பட்டன. இவை அனைத்துக்கும் உப்பே காரணம் எனக் கூறிவிட முடியாது. பரம்பரை, பெண்ணுடலின் இயல்பு, நோயறியும் சோதனைகளின் பெருக்கம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு.

உப்பு மற்றொரு மருந்தையும் சுமந்தது. யானைக்கால் நோயை ஒழிக்க, டைஎத்தில்கார்பமசின் கலந்த உப்பு 1970களில் லட்சத்தீவிலும் 1980களில் காரைக்காலிலும் வழங்கப்பட்டது. 2004 முதல் அம்மருந்து மாத்திரையாக நாடெங்கும் நோய்ப்பகுதிகளில் அளிக்கப்பட்டு வருகிறது. 2010இல் சென்னை ஆய்வாளர்கள், முதல் வகை நீரிழிவு உடையோரிடம் யானைக்கால் தொற்று குறைவாக இருப்பதைக் கண்டனர். மனித உடலில் நெடுங்காலம் வாழ்ந்த புழுக்கள் தம் பிழைப்புக்காக எதிர்ப்பாற்றலை அடக்கிவைத்தன. அவை அகன்றபின் அவ்வாற்றல் கட்டின்றித் தன்னுடலையே தாக்கக்கூடும் என்பது ஒரு கருதுகோள். எனினும், வீங்கிய காலோடு வாழ்ந்து மடிந்தவர்களை அறிந்த எவரும் புழுக்கள் திரும்ப வேண்டும் என விரும்பமாட்டார்.

இங்கே நம் ஃபிக்ஹு மரபின் தீர்ப்பு தெளிவானது. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பதை அடிப்படை விதிகளுள் ஒன்றாக இமாம் ஸுயூத்தி வகுத்துரைத்தார். இரு தீங்குகள் எதிர்ப்படின் இலேசானதை ஏற்கலாம் என்பதும், பொதுத் தீங்கைத் தவிர்க்கத் தனித்தீங்கைப் பொறுக்கலாம் என்பதும் உஸ்மானிய சட்டத் தொகுப்பான மஜல்லாவில் இடம்பெற்றவை. குழந்தைகளின் அறிவு மங்குவதோடு ஒப்பிடுகையில், மாத்திரையால் சீர்செய்யத்தக்க தைராய்டு குறைபாடு இலேசானதே. ஆகவே அயோடின் உப்பைப் பழிப்பதும், அதைக் கைவிடுமாறு தூண்டுவதும் முறையன்று.

ஆனால் இலேசான தீங்கும் தீங்கே. அதைச் சுமப்பவர் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். தீராத களைப்பையும், முடி உதிர்தலையும், உடல் பருத்தலையும், கருத்தரிப்பதில் தாமதத்தையும் சோம்பல் என்றும் கண்ணேறு என்றும் கூறி ஆண்டுகளைக் கடத்துகிறோம். ஓர் இரத்தப் பரிசோதனையில் அறியத்தக்க நோய் அது. சமூகம் முழுமைக்கும் நன்மை தரும் ஒன்றின் விலையைச் சிலர் மட்டும் செலுத்துகையில், அவர்களைக் கண்டறிந்து மருத்துவம் செய்வது மற்றவர் மீது கடமை. நன்மையை நுகர்ந்து, அதன் சுமையை ஏற்றவரைக் கவனியாது விடுவது நீதியாகாது. மரக்காணத்துப் பாத்திகளில் விளைவது போன்ற ஒரு பிடி உப்பு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.