ஈஸ்ட்டில் திட்டமிட்ட உயிரணு இறப்பு

உயிரணு தன்னுள் இருக்கும் கருவிகளைக் கொண்டே தன்னை அழித்துக்கொள்வதே திட்டமிட்ட உயிரணு இறப்பு. கருவில் விரலிடைச் சவ்வு மறைவது இதனால்தான். இதன் முக்கிய வகைக்கு 1972-இல் கெர், வில்லி, கரி மூவரும் ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயரிட்டனர். ஒற்றை உயிரணுவான ஈஸ்ட் செத்தால் அதனால் பிழைக்க ஓர் உடல் கிடையாது. 1996-இல் வெளியான ரொட்டி ஈஸ்ட்டின் மரபணுத்தொகுதியிலும் விலங்குகளின் கொலை நொதியான காஸ்பேஸ் இல்லை.

மறு ஆண்டே ஃபிராங்க் மடேயோ குழுவினர், ‘சிடிசி48’ மரபணு பழுதான ஈஸ்ட்டில் அப்போப்டோசிஸின் அடையாளங்களைக் கண்டனர். காஸ்பேஸின் தூரத்து உறவான மெட்டாகாஸ்பேஸ் ஈஸ்ட்டின் சாவில் பங்கேற்பதை 2002-இல் அவர்களே காட்டினர்.

ஏன் சாகிறது என்பதற்கு 2004-இல் இரு ஆய்வுகள் விடை தேடின. முதுமையடையும் வளர்ப்பில் 90 முதல் 99 விழுக்காடு அணுக்கள் மடிந்தபின், அவை விட்ட சத்தை உண்டு சில திரிபணுக்கள் மீண்டும் பெருகுவதை வால்டர் லாங்கோ குழு கண்டது. மெட்டாகாஸ்பேஸ் நீக்கப்பட்ட ஈஸ்ட் முதலில் கூடுதலாகத் தாக்குப்பிடித்தாலும் பிறகு மறுவளர்ச்சித் திறனை இழந்தது என்றது மடேயோ குழு. ஆக, இறப்பு ஒரு தியாகம் என்ற விளக்கம் பிறந்தது.

தியாகம் உறவினருக்குப் பயன்பட்டால்தான் அதற்கான மரபணு நிலைக்கும். 1957-இல் இந்தியாவில் குடியேறிய ஜே. பி. எஸ். ஹால்டேன் 1955-லேயே இதைக் கோடிகாட்டினார்; 1964-இல் ஹாமில்டன் கணக்காக்கினார். ஆய்வகக் குடுவையில் எல்லா அணுக்களும் ஒரே தாயின் வழி வந்தவை என்பதால் கணக்கு எளிதில் சரியாகிவிடுகிறது. கள்ளுப் பானையில் பல வகை ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கலந்து வாழ்கின்றன. செத்தவனின் சொத்து அங்கே அந்நியனுக்கும் போகும். தியாகக் கதையின் பலவீனமான இடம் இதுவே. மெட்டாகாஸ்பேஸ் உயிருள்ள அணுவில் புரதக் கட்டிகளை அகற்றவும் உதவுவது 2010-இல் தெரியவந்தது. அப்படியானால் சாவு, வேறு வேலைக்காக வந்த நொதியின் பக்கவிளைவாகவும் இருக்கலாம்.

டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சத்யேந்திர கௌதமும் அருண் சர்மாவும் இதே புதிரைப் பாக்டீரியாவில் சந்தித்தனர். சோயாவில் கொப்புள நோய் உண்டாக்கும் சாந்தோமோனாஸ், புரதம் மிகுந்த ஊடகத்தில் வளர்ந்து முடிந்ததும் விரைவாக மடிந்தது. மாவுச்சத்து ஊடகத்தில் அப்படி மடியவில்லை. மடிந்தவற்றில் காஸ்பேஸ்-3 போன்ற புரதம் இருப்பதை 2002-இல் அறிவித்தனர்.