தறி தந்தார்கள், நூல்?

கல்முனைக்குடிக்கு வடக்கே, சைக்கிளில் போகும் தூரத்தில் மருதமுனை. என் சாச்சி அங்கே மருமகளாகப் போன காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச்சத்தம். 1970களில் இலங்கையில் இறக்குமதித் துணிக்குக் கட்டுப்பாடு. சாறனும் கைத்தறிச் சேலையும் நல்ல விலைக்குப் போயின. 1977இல் சந்தை திறந்ததும் மில் துணி வந்து குவிந்தது. கைவினைஞருக்கென 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் தேசிய அருங்கலைகள் பேரவை பிறந்தது.

2004 டிசம்பர் 26இல் கடல் தறிகளையும் வீடுகளையும் சேர்த்தே வாரிக்கொண்டு போனது. பிறகு உதவி வந்தது: புதுத் தறி, பயிற்சி வகுப்பு, சான்றிதழ். (திறப்பு விழாவுக்குப் பந்தலும் மாலையும் வேறு.) சாச்சி இளம்பிள்ளைகளுக்குப் பாவு பிணைக்கச் சொல்லிக்கொடுத்தார். அறுந்த இழையைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டி முடிவார்; துணியில் முடிச்சு தெரியாது. அது கைவர மாதக்கணக்காகும். வகுப்புக்கான காசோ சில வாரங்களில் தீர்ந்துவிட்டது.

“தறியத் தந்தாங்க மகன், நூலுக்கு ஆரு தாற?” என்று கேட்டார். நூலும் சாயமும் வெளியிலிருந்து வருபவை. டொலர் ஏறினால் அவையும் ஏறும். முதல் ஆறு மாத நூலைக் கடனாகவாவது கொடுத்திருக்கலாம். பந்தல் காசே அதற்குப் பாதி வந்திருக்கும்.